படுத்தால் சரியாகிவிடும் நோய்

என் நோயை ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும்: படுத்தால் நன்றாக இருக்கும், எழுந்தால் முடியாது. கேட்கிற யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கே வந்திருக்கிறது. உலகத்தில் உள்ள சோம்பேறிகள் எல்லாருக்கும் இருக்கிற நோய்தான் இது. நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுப்பாடம் செய்யாமல் வரும் பிள்ளைகள் சொல்லும் காரணங்களை இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவள். என் வகுப்பில் ஒருத்தி இப்படி ஒரு காரணத்தோடு வந்து நின்றிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

மூன்று வருஷம் அப்படித்தான் ஓடியது. காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் கண் இருட்டும். பீரோவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் விலகும். மூச்சு மட்டும் நெஞ்சுக்குள் பாதி தூரம் போய்த் திரும்பி வரும். பள்ளியில் இரண்டாவது மாடி ஏறுவதற்குள் நான்கு இடத்தில் நிற்பேன். யாராவது எதிரே வந்தால், செல்போனில் ஏதோ பார்ப்பதுபோல நிற்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டாஃப் ரூம் பெஞ்சில் பத்து நிமிஷம் மல்லாந்து படுத்தால் போதும், உடம்பு வேறு யாருடையதோ போல லேசாகிவிடும். உடன் வேலை செய்கிறவர்கள் அந்தப் பெஞ்சுக்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது?

குனியமுத்தூரில் எங்கள் வீடு. கணவர் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். இரண்டு தெரு தள்ளி என் நங்கையா, அதாவது கணவரின் அக்கா, இருக்கிறார். நல்ல மனுஷி. ஆனால் எதையும் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"அம்மணிக்கு வயசாகுதல்லங்க, அந்த நேரம் வந்துருச்சு. எல்லாப் பொம்பளைக்கும் வாரதுதான். நானெல்லாம் அதோடயே ரெண்டு மாடு கறந்தன்" என்று என் எதிரிலேயே கணவரிடம் சொல்வார்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. மூன்று பேரிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள். சத்துக் குறைவு என்று ஒருவர் மாத்திரை தந்தார், தைராய்டு என்று இன்னொருவர் தந்தார், மூன்றாமவர் வெயிலில் நில்லுங்கள் என்றார். கோயமுத்தூரில் வெயிலில் நிற்கச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று எனக்குக் கோபம் வந்தது. மூன்று பேரும் என்னைப் படுக்க வைத்துத்தான் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். படுத்தால்தான் நான் நன்றாக இருப்பேனே. அவர்கள் காதில் ஒன்றும் விழவில்லை.

என் மேலும் தப்பு உண்டு. "எப்படிங்க இருக்கு?" என்று டாக்டர் கேட்டால், "பரவாயில்லீங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். எங்கள் பக்கம் அப்படித்தான். காலை இழந்து கட்டிலில் கிடக்கிறவரிடம் கேட்டாலும் பரவாயில்லீங்க என்பார். கேட்டவர் மனம் கஷ்டப்படக் கூடாதே என்கிற மரியாதை. முடியவில்லை என்று சொல்வது எதிரில் இருப்பவரைக் குறை சொல்வது மாதிரி. மூன்று டாக்டர்களிடமும் மூன்று வருஷம் நான் மரியாதையாக நடந்துகொண்டேன்.

அந்த நாட்களில் எனக்கு வேண்டியிருந்தது மருந்துகூட இல்லை. என் களைப்பை யாராவது ஒருவர் நம்ப வேண்டும், அவ்வளவுதான். நம்பினால் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளலாம்.

நங்கையா மகனின் கல்யாணம் காரமடையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளைக்கு என் கணவர் தாய்மாமன். அதனால் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் பொறுப்பு எனக்கு. சந்தனக் கிண்ணம், குங்குமம், கல்கண்டுத் தட்டு, பன்னீர்ச் சொம்பு எல்லாம் ஒரு மேஜையில் இருந்தன. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருந்தார்கள். அந்த நாற்காலிதான் வினையானது. யாரும் இல்லாதபோது உட்காருவேன். ஒருவர் வந்தால் எழுந்து "வாங்க, வாங்க" என்பேன். எங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு வாங்க என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் வரவேண்டாம் என்று அர்த்தம். நாற்பது தடவையாவது எழுந்து உட்கார்ந்திருப்பேன். கடைசியில் ஒரு பெரியவரைப் பார்த்து எழுந்தேன். வாங்க என்பதில் பாதி வந்தது. அதற்குப் பிறகு என் முகத்தில் பன்னீர் வழிந்ததும் யாரோ என் காலைத் தூக்கிப் பிடித்திருந்ததும்தான் நினைவில் இருக்கின்றன.

பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். என் மகளைவிடச் சிறியவள்போலத் தெரிந்த ஒரு டாக்டர் பெண் இருந்தாள். அங்கே இருந்த ஒரே பரிசோதனைக் கட்டிலில் யாருக்கோ குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அதனால் என்னை ஸ்டூலில் உட்கார வைத்தே நெஞ்சில் குழாயை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. கொஞ்சம் முன்னால் குனியச் சொன்னாள். பிறகு குளுக்கோஸ்காரரை நாற்காலிக்கு மாற்றிவிட்டு என்னைப் படுக்கச் சொன்னாள், மறுபடி எழுந்து உட்காரச் சொன்னாள்.

"உக்காந்தா ஒரு சத்தம் வருதுங்க. படுத்தா அது இல்லீங்க" என்றாள்.

கட்டில் காலியாக இருந்திருந்தால் அந்தப் பெண்ணும் நான்காவது டாக்டராகப் போயிருப்பாள். அவள் ஒரு சீட்டில், இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், உடனே, என்று எழுதி, உடனே என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாள்.

அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தேன். பதினோரு நாள் அது அங்கேயே இருந்தது.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு நான் பைத்தியமாகத் தெரியலாம். புது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தாய்மாமன் வீட்டு விருந்து முதல் விருந்து. நாள் குறித்துச் சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாகிவிட்டது. அதற்கு நடுவில் ஸ்கேன், ஆஸ்பத்திரி என்று போய் ஏதாவது வந்துவிட்டால் விருந்து நின்றுபோகும். கல்யாணமான கையோடு ஒரு விருந்து நின்றுபோனால், அந்தப் பெண் வந்த நேரம் என்று யாராவது வாய் வைப்பார்கள்.

"ஸ்கேன் எடுக்கச் சொல்லிருக்கறாங்க" என்று கணவரிடம் சொன்னேன். இரண்டு கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

"விருந்து முடியட்டும். முடிஞ்சதும் போயிட்டு வந்தர்லாம்" என்றார்.

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

விருந்தன்று இருபத்தெட்டுப் பேர். ஒப்பிட்டு, அதாவது போளி, தட்டிப் போட்டேன், வடை சுட்டேன், கோழிக் குழம்பு வைத்தேன். ஒவ்வொரு ஈடு எடுத்த பிறகும் பூஜை அறைக்குள் போய்த் தரையில் ஐந்து நிமிஷம் படுப்பேன். நெஞ்சு திறந்துகொள்ளும். எழுந்து வந்து அடுத்த ஈடு. ஒருமுறை நங்கையா கற்பூரம் தேடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"ஒரம்பரையெல்லாம் வந்திருக்கையில படுத்துட்டு இருக்கறயே அம்மணி" என்றார். திட்டவில்லை. கூச்சமாக, யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். எங்கள் பேச்சில் ஒரம்பரை என்றால் வீடு தேடி வரும் உறவு. அவர்கள் வந்திருக்கும்போது வீட்டுக்காரி படுத்திருப்பதைவிட அவமானம் வேறு கிடையாது. நான் எழுந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அவிநாசி சாலையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். இருட்டான சின்ன அறை. இதய மருத்துவர் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை நர்சிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

சாம்பல் நிறத்தில் என் இதயம் மூடித் திறந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒன்று காம்பில் தொங்கிக்கொண்டு ஆடியது. ஒவ்வொரு துடிப்புக்கும் கீழே இறங்கி ஒரு வாசலுக்குள் தலையை நுழைக்கும், மறுபடி மேலே போகும். எனக்குப் பயம் வரவில்லை. யார் நீ என்று கேட்கத்தான் தோன்றியது.

"கட்டிங்க. இடது பக்கத்து மேல் அறைல இருக்கு. நீங்க நிக்கறப்ப இது கீழ எறங்கி வால்வை அடைச்சுக்கும். ரத்தம் போக வழி இருக்காது. படுத்தா விலகிக்கும். படுத்தா நல்லா இருக்குமே உங்களுக்கு?"

மூன்று வருஷமாக எல்லாரும் என்னிடம் கேலியாகச் சொன்ன அதே வார்த்தைகள்தான். இவர் மட்டும் அதைக் கேள்வியாகக் கேட்டார். "ஆமாங்க" என்றேன். வெளியே சொல்ல வெட்கமான ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதயத்தில் கட்டி என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவள் நான். அப்படியானால் நான் சோம்பேறி இல்லை.

கணவர் உள்ளே வந்ததும் முதலில், "கேன்சருங்களா?" என்று கேட்டார். பார்த்தால் அப்படித் தெரியவில்லை, இந்த மாதிரிக் கட்டிக்கு மிக்சோமா என்று பெயர், சாதாரணக் கட்டிதான், எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது என்றார் டாக்டர். கணவர் முகம் தெளிந்தது. "அப்ப நாளு பாத்து வாரமுங்க" என்றார்.

"வீட்டுக்கு அனுப்ப மாட்டங்க. இதுல ஒரு துணுக்கு பிஞ்சு மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துரும். உயிருக்கே ஆபத்து. நாளைக்கு மறுநாள் ஆபரேஷன்." டாக்டர் சீட்டைக் கையில் எடுத்தார். தேதியைப் பார்த்தார். "பதினோரு நாளா எங்கீங்க போனீங்க?"

"விருந்து இருந்துச்சுங்க" என்றார் என் கணவர்.

அந்த அம்மா எங்கள் பேச்சைப் பழகிக்கொண்ட வேறு ஊர்க்காரராக இருக்க வேண்டும். அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அட்மிஷன் தாளில் எழுதத் தொடங்கினார்.

அறுவை செய்யப்போகும் டாக்டர் மறுநாள் வந்து படம் போட்டு விளக்கினார். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறப்பார்கள். இதயத்துக்குள் போய், கட்டியை அதன் காம்போடும் காம்பு ஒட்டியிருக்கும் சுவரின் சின்ன வட்டத்தோடும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். வேர் பாக்கி இருந்தால் மறுபடி முளைக்கலாம். வெட்டின இடத்தை ஒட்டுப் போட்டுத் தைப்பார்கள். கணவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்க்கை முழுக்கப் பம்போடு கிடந்தவர்.

"ஏனுங்க, பம்பு ஓடிட்டு இருக்கையில உள்ள கை வெக்க முடியாதுங்களே" என்றார்.

"நிறுத்திருவமுங்க. அதுவரைக்கும் வெளியில ஒரு மெஷின் ரத்தத்த ஓட்டும்."

கணவருக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. நிறுத்தின மோட்டார் சில சமயம் திரும்ப எடுக்காது என்று அவருக்குத் தெரியாதா? அன்று மாலை என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், என் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கூரை விளக்குகள் தெரிந்தன, பிறகு தொண்டையில் ஒரு குழாய் இருந்தது. தாகம் மட்டும் நினைவிருக்கிறது. அப்படி ஒரு தாகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. இருமினால் நெஞ்சு இரண்டாகப் பிளக்கும் என்று ஒரு தலையணையைக் கொடுத்து அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று பந்துகள் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பந்தை ஏற்ற வேண்டும். இரண்டு நாள் ஒரு பந்துகூட ஏறவில்லை. நர்ஸ் பெண், "நாளைக்கு ஏறும்மா" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்காமல் போவாள்.

நான்காம் நாள் சர்ஜன் வந்தபோது, "அதைப் பாக்கணுமுங்க" என்றேன். பரிசோதனைக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லி, செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார். பெரிய நெல்லிக்காய் அளவு. வெளிர் நிறத்தில், நுங்கு போல வழுவழுவென்று, அங்கங்கே ரத்தப் புள்ளிகளோடு இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தேன். மூன்று வருஷம் என்னை மாடிப்படியில் நிறுத்தி வைத்தது இதுதான். கணவர் அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். கேன்சர் இல்லை என்று பரிசோதனை முடிவும் வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது சர்ஜன் கண்டிப்பாகச் சொன்னார். நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறோம், சேர்வதற்கு மூன்று மாதம் ஆகும், கனமாக எதையும் தூக்கக் கூடாது, ஒரு பக்கமாகப் படுக்கக் கூடாது, கூட்டம் சேர்க்கக் கூடாது. கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மூன்றாம் நாளிலிருந்து கூட்டம் வந்தது. எங்களவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால் உறவு மொத்தமும் வந்து பார்க்க வேண்டும். வராமல் விட்டால் அது வருஷக்கணக்கில் பேசப்படும். ஹார்லிக்ஸ், ஆப்பிள், பிரட். பாட்டில்கள் அலமாரியில் வரிசையாக நின்றன. வந்தவர்கள் பாசத்தோடுதான் வந்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் காப்பி கொடுக்க வேண்டும், ஒவ்வொருவரையும் பார்த்து எழுந்து உட்கார வேண்டும், நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கணவர் நடுவில் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டுவார். காப்பி குடித்துக்கொண்டிருப்பவர்களிடமும் காட்டுவார்.

"சாதாரணக் கட்டிதானாமா?" என்று கேட்பார்கள்.

"ஆமாங்க, சாதாரணக் கட்டிதானுங்க."

"அப்பறமென்ன, எடுத்தாச்சல்ல. இனி புது இஞ்சின்."

முதல் பதினைந்து நாள் மகள் விடுப்பு எடுத்து வந்திருந்தாள். பிறகு நங்கையா தினமும் வந்து சமைத்துக் கொடுத்தார். இதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம். அவரும் எத்தனை நாள் வருவார்? ஐந்தாவது வாரம் வால்பாறையிலிருந்து ஒரு உறவுக்காரர் மனைவியோடு வந்தார். எஸ்டேட் ஆபீசில் வேலை. விடியும் முன் பஸ் ஏறி, மலை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன் என்றார் அந்த அம்மா. அரை மணி நேரம் என்னைப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும். கணவர் பட்டறையில் இருந்தார். அந்த அம்மாவின் வெளுத்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காப்பி தராமல் எப்படி உட்கார்ந்திருப்பது? அடுப்பில் பால் நிறைந்த போசியை இரண்டு கையாலும் தூக்கினேன். நெஞ்சுக்குள் சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது.

காப்பியைக் கொடுத்து, அவர்களை வாசல் வரை வந்து அனுப்பிவிட்டுத்தான் கணவருக்குப் போன் செய்தேன்.

கம்பி அறுந்துபோகவில்லை, தப்பித்தேன். சர்ஜன் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக்கொண்டே என்னைத் திட்டினார். "உங்களுக்கு உசுரு பெருசா, காப்பி பெருசா?" என்றார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் யாரும் இதற்கு முன் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

பிறகு எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. நியாயமாகச் சொல்ல வேண்டும். எழுந்தால் கண் இருட்டுவது நின்றது. மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினேன். முதல் நாள் இரண்டாவது மாடியில் போய் நின்று, ஏறி வந்த படிகளைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்டாஃப் ரூம் பெஞ்சில் இப்போது புத்தகக் கட்டுகளை வைத்திருக்கிறார்கள்.

ஆறேழு மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மூச்சு சரியாக இருந்தது. களைப்பு மட்டும் போகவில்லை. இது வேறு களைப்பு. நாலரை மணி அலாரம், இரண்டு வேளைச் சமையல், பள்ளி, திருத்த வேண்டிய நோட்டுகள், சனிக்கிழமை ஒரு காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு சீர், நடுவில் வந்துபோகும் ஒரம்பரை. கட்டி வளர்வதற்கு முன்பே இது இருந்திருக்கிறது. கட்டி அதன் மேல் உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கண்ணில் படவில்லை. கட்டியால் வந்த களைப்பு படுத்தால் சரியாகிவிடும். இது ராத்திரி முழுக்கப் படுத்து எழுந்தாலும் அப்படியே இருந்தது.

யாரிடம் சொல்வது? "அதான் எடுத்தாச்சே" என்பார்கள். கட்டி இருந்தபோதாவது கடைசியில் ஒரு சாட்சி கிடைத்தது. இப்போது என் நெஞ்சில் இருக்கும் தழும்புகூட, எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சாட்சி சொல்கிறது. நானும் கேட்டவர்களிடமெல்லாம் பரவாயில்லீங்க என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு வருஷம் முடிந்ததும் மறுபடி எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதே இருட்டு அறை, அதே அம்மா, அதே குளிர்ந்த பசை. இந்த முறை கணவரையும் முதலிலேயே உள்ளே விட்டார்கள். திரையில் என் இதயம் தெரிந்தது. நான் அந்த இடத்தையே தேடினேன். பயந்துகொண்டு தேடினேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் புரிந்தது. சின்னதாக ஒன்றாவது இருக்கக் கூடாதா என்று தேடிக்கொண்டிருந்தேன். கடுகளவு. மறுபடி நெஞ்சை அறுப்பார்கள், அந்தத் தாகம் வரும், எல்லாம் தெரிந்தும் தேடினேன்.

"ஒன்னுமே இல்லீங்க. சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. கணவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சந்தோசத்துல அழுகறாங்க டாக்டர்" என்றார். அந்த அம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்தார். என்னைப் பார்த்தே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மனுஷி உட்கார்ந்து ஓய்வெடுக்க இதயத்தில் கட்டி வேண்டுமென்று நினைக்கும் நிலைமைக்கு எப்படி வந்து சேர்ந்தேன்?

காரில் திரும்பி வந்தோம். அவர் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு நல்ல சேதி சொல்லிக்கொண்டே ஓட்டினார். உக்கடம் பக்கம் வரும்போது நான் சொன்னேன்.

"ஏனுங்க. எனக்கு முடியலீங்க."

வண்டி தடுமாறியது. மேம்பாலத்தில் ஏறாமல் பக்கத்துக் குளத்தின் ஓரமாக நிறுத்தினார். "என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா? திருப்பட்டுமா?"

"வலிக்கலீங்க. நெஞ்சு நல்லா இருக்குது."

"அப்பறம்?"

"முடியல. அவ்வளவுதானுங்க. காட்டறதுக்கு ஒன்னும் இல்லை. நீங்க நம்பறதுன்னா நம்பிக்கங்க."

இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குளத்தைப் பார்த்தார். வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூச வைத்தது. நடைபாதையில் இரண்டு பேர் வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. எதுவும் சொல்லாமல் வண்டியை எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவருடைய போன் அடித்தது. நங்கையா. ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"நல்ல சேதி சொன்னியாமா. பையனும் பொண்ணும் சம்பந்தி வூட்டுக்காரங்களும் இங்க வந்திருக்கறாங்க. எல்லாருமாச் சேந்து சாயங்காலம் அங்க வாரோம். அம்மணியைப் பாத்த மாதிரியும் ஆச்சு. பத்துப் பன்னண்டு பேரு இருப்போம்."

என் கணக்கு மூளை அதற்குள் பாலுக்குக் கணக்குப் போட்டுவிட்டது. இரண்டு லிட்டர் வாங்க வேண்டும், வீட்டில் ரவை இருக்கிறது.

கணவர் ஸ்டியரிங்கை விட்டுப் போனைக் கையில் எடுத்தார். "அக்கா" என்றார். நிறுத்தினார். "இன்னைக்கு வர வேண்டாமுங்க்கா."



"ஏன்டா, டாக்டர் வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க்கா. ஒடம்பு நல்லா இருக்குதுன்னுட்டாங்க. அவளுக்கு முடியலீங்க. அதனால வர வேண்டாம். நான் பொறவு கூப்புடறன்."

போனை வைத்தார். வீட்டுக்கு வருகிறேன் என்ற ஒரம்பரையை வேண்டாம் என்று சொன்னவர் அவர் வம்சத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். இதற்கு என்ன பேச்சு வருமோ, நங்கையா எத்தனை நாள் பேசாமல் இருப்பாரோ. அவருக்கும் அது தெரியும்.

என் பக்கம் குனிந்து, சீட்டுக்குக் கீழே கையை விட்டு நெம்பி, என் இருக்கையைப் பின்னால் சாய்த்தார்.

"சித்தே படு" என்றார். "நான் இங்கதான் இருக்கறன்."

படுத்தேன். நன்றாக இருந்தது.